கல்யாணமாகி வந்ததிலிருந்து கை கால் வறண்டு போகிறது, நெற்றியில் மட்டும் பரு

சிறுவாணி மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர். தை மாதம் கல்யாணமாகி, இப்போது புதுவயல் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். குளித்துத் துவட்டியதுமே முழங்காலெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. நகம் பட்டால் கோடு விழுகிறது. நெற்றியிலோ முடி ஓரமாகப் பொடிப் பொடிப் பரு. வீட்டில் போர் தண்ணீர்தான். தினமும் நலங்கு மாவு தேய்க்கச் சொல்கிறார் அத்தை. நாத்தனார் முகத்துக்கு ஒரு ட்யூப் கொடுத்திருக்கிறார், இன்னும் பிரிக்கவில்லை. ராத்திரி தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிப் படுப்பது சின்ன வயதுப் பழக்கம். சாப்பாட்டில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

வளவுக்காரி:
வாம்மா. சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்துவிட்டு எங்கள் போர் தண்ணீரில் குளித்தால் தோல் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பார். வெள்ளையாகக் காறை கட்டியிருக்கிறதா? சோப்பு நுரைக்காமல் திரிகிறதா? அப்படியானால் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து பிசுக்காகி உடம்பிலேயே தங்குகிறது. எத்தனை சொம்பு ஊற்றினாலும் முழுசாகப் போகாது. காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமையடிப்பார்கள், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதனால் சோப்பை அக்குள், தொடை இடுக்கு, பாதத்தோடு நிறுத்திக்கொள். மற்ற இடத்துக்கு வெறும் தண்ணீர் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதே. துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசனை போடாத மாய்ச்சரைசரோ கை காலில் தடவிவிடு. சட்டை மாட்டி, காபி குடித்துவிட்டு ஆற அமரத் தடவினால் பாதிப் பலன்தான். மழை நாளில் எங்கள் வீட்டு வளவில் ஓட்டுத் தண்ணீரை அண்டாவில் பிடிப்போம், முதலில் வருவதை விட்டுவிட்டு. கடைசி ரெண்டு சொம்பு அந்தத் தண்ணீரில் ஊற்றினால் வித்தியாசம் உனக்கே தெரியும்.

நலங்கு மாவை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளுக்கு வைத்துக்கொள். பயற்ற மாவு எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடும், வறண்ட உடம்புக்குத் தினமும் ஆகாது. அப்புறம், அதில் கார்போக அரிசி (பேர்தான் அரிசி, அது ஒரு மூலிகை விதை) போட்டிருக்கிறதா என்று அத்தையிடம் கேள். அதிலுள்ள சோரலென் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்தால் தோல் சிவந்து, பிறகு கறுத்துப் போகும். போட்டிருந்தால், தேய்த்த கையோடு துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகாதே. இதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

முடி ஓரத்துப் பரு தலை எண்ணெயால் வருவதாகத்தான் தெரிகிறது. ராத்திரி வைப்பதை விட்டு, தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வை. தலையணை உறையையும் அடிக்கடி மாற்று.

சாப்பாடா? புது மருமகளுக்கு விருந்து விருந்தாகக் கந்தரப்பமும் சீயமும் போட்டிருப்பார்களே! மாவும் இனிப்பும் ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென ஏற்றும், பரு வரும் உடம்புக்கு அது தூண்டுதல். கவுனி அரிசியின் கறுப்பில் சத்து இருப்பது உண்மைதான், ஆனால் நாம் அதில் கொட்டும் சர்க்கரை கொஞ்சமா? முருங்கைக்கீரை, கொய்யா, நெல்லிக்காய், பருப்பு தினமும் ஏதாவது ஒரு வேளை சேர்த்துக்கொள். மீன் சாப்பிடுவாயானால் தொண்டியிலிருந்து வரும் சாளை வாங்கு. லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் தோல் மினுங்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, தாகத்துக்குக் குடி.

மாத்திரை டப்பா:
ஆச்சி சொன்னதெல்லாம் சரி. நான் மருந்துக்கடையில் இருப்பவன், எனக்கு அந்த ட்யூப்தான் உறுத்துகிறது. பின்பக்கம் சின்ன எழுத்தில் க்ளோபெட்டசால், பீட்டாமெதசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

சிறுவாணி மருமகள்:
பார்த்தேன் அண்ணா. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றுமே இருக்கிறது. நாத்தனார் ரெண்டு மாதமாகத் தினமும் போடுகிறாராம். உடனே நிறுத்தச் சொல்லட்டுமா?

(ஆச்சி, கார்போக அரிசி போட்டுத்தான் அரைத்தார்களாம். அத்தைக்கே ஆச்சரியம்!)

மாத்திரை டப்பா:
நீங்கள் அதைத் தொடவே வேண்டாம். மொமெட்டசோன் ஸ்டீராய்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத சரக்கு. முதலில் முகம் வெளுத்தது போலத் தெரியும். போகப் போகத் தோல் மெலிந்து நரம்பு தெரியும், பூனைமுடி வளரும், நிறுத்தினால் சிவந்து எரியும். ரெண்டு மாதம் போட்டவர் தானாகச் சட்டென நிறுத்துவதைவிட, இந்த வாரமே தோல் டாக்டரிடம் போவது நல்லது. ட்யூபையும் கையோடு கொண்டு போகட்டும். கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள், ட்ரெட்டினாயின் அப்போது கூடாது. அதுவரை வெயிலில் போகும்போது எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனும் ஒரு குடையும்.