மூன்று வரிக் கவிதையும் எங்கள் குடும்பக் குழுவும்

நான்: நாளைக்கு வகுப்பில் ஞானக்கூத்தன் கவிதை ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும்.

எனக்கும் தமிழ்தான் மூச்சு
ஆனால்
பிறர்மேல் அதை விடமாட்டேன்

படித்ததும் என்ன தோன்றுகிறது, சொல்லுங்கள்.

பெரியப்பா: வருத்தமாக இருக்கிறது. 1965இல், இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோது, நான் பள்ளிக்கூடத்துப் பையன். தமிழுக்காக உயிரையே கொடுத்தார்கள் அப்போது. அதைக் கேலி செய்ய எப்படி மனம் வந்தது?

அத்தை: கேலி தமிழ் மேல் இல்லை அண்ணா. தமிழ்தான் மூச்சு என்று உறுதியாகச் சொல்லிவிட்டுத்தானே ஆரம்பிக்கிறார்!

அண்ணன்: 'எனக்கும்' என்பதில் இருக்கும் 'உம்'மைப் பாருங்கள். யாரோ ஒருவர் ஏற்கெனவே 'எனக்குத் தமிழ்தான் மூச்சு' என்று சத்தமாகச் சொல்லி முடித்திருக்கிறார். அவர் கவிதைக்குள் வரவே இல்லை. ஆனால் பதில் அவருக்குத்தான்.

நான்: 'ஆனால்' ஏன் தனி வரியில் நிற்கிறது?

அண்ணன்: முதல் வரியைக் கேட்டுக் கைதட்டக் கிளம்பியவர்களை நிறுத்த.

அத்தை: மேடையில் மூச்சு என்றால் உயிர். 'விடமாட்டேன்' வந்ததும் அது வெறும் காற்றாகிவிடுகிறது. நெரிசல் பஸ்ஸில் ஒருவர் நம் முகத்தில் மூச்சு விடுவது போல. கவனியுங்கள், 'விடாதீர்கள்' என்று யாருக்கும் புத்தி சொல்லவில்லை. தான் விடமாட்டேன் என்கிறார், அவ்வளவுதான். கவிதையின் கூர்மையே அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது.

பெரியப்பா: சரி. ஆனால் மேடையில் பேசியவர்கள் எல்லோரும் போலிகள் இல்லை.

அத்தை: இல்லவே இல்லை. அவர் குறிவைப்பது அந்தப் பேச்சு நடையை. 'காலவழுவமைதி' என்று ஒரு கவிதை. அதில் வரும் பேச்சாளர் 'தலைவரார்களேங்' என்றுதான் அழைப்பார், வணக்கம் 'வணக்கொம்' ஆகும். மைக் முன்னால் நீட்டி முழக்கும் குரலை எழுத்துப் பிழையாகவே எழுதிக் காட்டுகிறார். பொருள் கரைந்து ஓசை மட்டும் மிஞ்சுவதை நம் காதே கண்டுபிடித்துவிடும். தலைப்பு இலக்கணத்திலிருந்து வந்தது: வழுதான், அதாவது பிழைதான், ஆனாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட பிழை. அந்தத் தலைப்புக்காகவே அவரைக் கொண்டாடலாம்.

அண்ணன்: இன்னொன்று. 1938இல் மயிலாடுதுறைப் பக்கம் திருஇந்தளூரில் பிறந்தவர், வீட்டு மொழி கன்னடம். இதைத் தெரிந்துகொண்டு 'எனக்கும்' என்பதைத் திரும்பப் படியுங்கள்.

பெரியப்பா: அப்படியா! அப்படியென்றால் முதல் வரியை மனசாரச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது வரி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அத்தை: உறுத்தட்டும் அண்ணா. அதற்குத்தான் எழுதியிருக்கிறார்.

நான்: பெரியப்பா, உங்கள் கேள்வியை வைத்துத்தான் நாளைக்குத் தொடங்கப் போகிறேன். 1965 பற்றி இன்னும் கேட்க வேண்டும். இரவு போன் செய்யட்டுமா?

பெரியப்பா: சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கூப்பிடு.