பாவுகல் தளத்தின் ஓரப்பிடிப்புக்கு ‘ஓரக்கட்டு’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர்,

கொல்லைப்புற வடிகால் தொட்டியைச் சுற்றிப் பாவிய கற்களை விலகாமல் பிடித்துநிற்கும் உறுப்புக்கு (edge restraint) தமிழில் ‘விளிம்பு வரிசை’, ‘விளிம்பணை’ ஆகிய இரு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. தரையில் பாவும் கல்லைப் ‘பாவுகல்’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. கல் பாவுதல் வழக்கிலுள்ள தொடரே.

‘விளிம்பு வரிசை’ தோற்றத்தை மட்டுமே சொல்கிறது. இவ்வகைத் தளத்தில் கற்கள் சாந்தில் பதிக்கப்படுவதில்லை. இறுக்கிய சரளையின் மேல் ஏறத்தாழ 25 மி.மீ. கனமுள்ள மணலில் அமர்ந்து, இடுக்குகளில் நிரப்பிய மணலின் உராய்வால் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. ஓரத்தில் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்க ஒன்று இல்லையெனில் இடுக்குகள் விரிந்து அந்தப் பற்று குலைந்துவிடும். தாங்கும் உறுப்பை வெறும் வரிசை என்று அழைத்தால், பெயர்ந்த கல்லைத் தட்டி அமர்த்துவதே சீரமைப்பு என்று படிப்பவர் எண்ணக்கூடும்.

‘விளிம்பணை’ அழகிய சொல்தான். ஆயினும் அணை என்றதும் நீரைத் தடுப்பதே நினைவுக்கு வரும். இங்கோ நீர் தொட்டிக்குள் தடையின்றி இறங்க வேண்டும், கல்லும் மணலும் மட்டுமே நிற்க வேண்டும். தொட்டியோரம் தாழ்வதற்குப் பெரும்பாலும் காரணம், சுவரோர இடைவெளி வழியே நீர் மணலை அரித்துச் செல்வதும், தோண்டிய குழியை நிரப்பியபோது மண்ணை அடுக்கடுக்காக இறுக்காமல் விட்டதுமே. ஆகவே சீரமைப்பவர் சுற்றிலும் சில வரிசைக் கற்களை எடுத்து, தொட்டிச் சுவரின் விரிசலை அடைத்து, சரளையை மீண்டும் இறுக்கி, நீரை மட்டும் வடியவிட்டு மணலை நிறுத்தும் வடிதுணியைச் சுவரோரம் மடித்தேற்றி, அதன் பின்னரே ஓரத்தைக் கட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டின் நோக்கத்துக்கே அணை என்னும் சொல் முரணாகிறது.

எனவே ‘ஓரக்கட்டு’ என்பதை முன்மொழிகிறேன். கட்டு என்பது பிணைப்பையும் கட்டுமானத்தையும் ஒருசேரக் குறிப்பதால், ஆணியடித்துப் பொருத்தும் நெகிழிப் பட்டைக்கும் கான்கிரீட் வரம்புக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். ‘ஓரக்கட்டு விலகல்’, ‘ஓரக்கட்டுச் சீரமைப்பு’ எனத் தொடர்கள் இயல்பாகக் கிளைக்கும். ‘ஓரங்கட்டுதல்’ என்னும் வினையோடு மயங்காதா என்று கேட்கப்படலாம். அங்கே மெல்லெழுத்தும் இங்கே வல்லெழுத்தும் மிகுவதால் ஒலியிலேயே வேறுபாடு விளங்கும் என்பது என் கருத்து.

இன்னொன்றும் நிலுவையில் உள்ளது. நாளடைவில் தளம் சற்றுப் படியும் என்பதால், தொட்டியின் கம்பி மூடிச் சட்டத்தைவிடக் கற்களை 3 முதல் 6 மி.மீ. வரை உயர்த்தியே பாவுவர். அந்த உயர்வை ‘படிவு மிகை’ எனலாமா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.