உறுமிக்கு மைக் எந்தப் பக்கம்?

கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் ரகுமான் கச்சேரி பார்த்த அனுபவத்தை இங்கே மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. நான் போவதெல்லாம் நாற்பது ஐம்பது பேர் உட்காரும் அறைகளுக்குத்தான். அதைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும் இல்லையா, அதனால் எழுதுகிறேன்.

ஆரம்பம் எங்கள் அண்ணனின் கஞ்சில் காடி, அதாவது சின்னக் கார். 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ வந்தபோது அந்தக் குறுந்தட்டு அவர் காடியை விட்டு வெளியே வந்ததே இல்லை. செந்தூலிலிருந்து ஷா ஆலாம் வரைக்கும் ‘மடை திறந்து’தான். 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டு எங்கள் அப்பாவுக்கு மனப்பாடம். அதன் மேல் நம் ஊர்ப் பையன்கள் தமிழில் ராப் பாடியதைக் கேட்டு அப்பா முதலில் முகம் சுளித்தார். ஒரு மாதம் கழித்து அவரே, “அந்தப் பாட்டப் போடுடா” என்றார். இசை சென்னையிலிருந்து மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய திறப்பு.

வேலைக்குப் போய்ச் சொந்தச் சம்பளம் வந்த பிறகு, ஜாலான் மெசூயில் உள்ள நோ பிளாக் டை, பெட்டாலிங் ஜெயாவில் மெர்டேகார்யா என்று சின்ன இசைக் கூடங்களைத் தேடிப் போக ஆரம்பித்தேன். அங்கே பாடுகிறவர் மூச்சு இழுப்பது கூடக் கேட்கும். பெரும்பாலும் மலாய்ப் பாட்டு, ஆங்கிலப் பாட்டு. ஒருநாள் கித்தாரோடு வந்த ஒரு தம்பி நாலு மலாய்ப் பாட்டு பாடி முடித்துவிட்டு, “இது எங்க பாட்டிக்கு” என்று தமிழில் ஒன்று எடுத்தார். இரண்டாவது வரியில் ‘மங்கு’ என்ற சொல் வந்தது. கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் பிடிக்கக் கட்டுகிற கிண்ணம். எந்தச் சினிமாப் பாட்டிலும் நான் கேட்டிராத சொல். எங்கள் அம்மா பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், விடியற்காலை இருட்டில், பாட்டியோடு போய் மங்கு துடைத்தவர். நான் அழுதேன். பக்கத்து மேசையில் இருந்த மலாய்க்கார அக்கா ஒன்றும் கேட்காமல் டிஷ்யூ பாக்கெட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறக்கவே முடியாதது உறுமி வந்த ராத்திரி. இடத்தின் பெயர் வேண்டாம். கடை வரிசையில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அன்றைக்கு ஏர்கோனும் ஓடவில்லை. ஒரு பேஸ் கித்தார், ஒரு டிரம் செட், கூடவே கோயில் திருவிழாக்களுக்கு வாசிக்கும் உறுமி மேளக் குழுவிலிருந்து ஒரு அண்ணன். ஒலி பார்த்த சீனத் தம்பி உறுமியை அதுவரை தொட்டதே இல்லை போலிருக்கிறது. குச்சியால் அடிக்கிற பக்கம் மைக்கை வைத்துவிட்டார். அடி விழுவது கேட்டது, உறுமல் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கீச்சிட்டது. முதல் பாட்டு அப்படியே பாழாகிப் போனது.

அண்ணன் கோபப்படவில்லை. உறுமியை மடியில் திருப்பி, வளைந்த குச்சியால் மறுபக்கத் தோலை மெதுவாகத் தேய்த்துக் காட்டினார். அடிவயிற்றிலிருந்து ஒருவர் முனகுவது போல ஒரு சத்தம். “இந்தப் பக்கந்தான் பேசும்” என்பதை மலாயில் சொன்னார். அந்தத் தம்பி தரையில் முட்டி போட்டுக் காதைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார். பிறகு மைக்கை ஒரு சாண் தள்ளி, சற்றுச் சாய்த்து வைத்தார். இரண்டாவது பாட்டில் பேஸும் உறுமியும் ஒன்றாக இறங்கியபோது என் தே ஓ ஐஸ் லீமாவ் (எலுமிச்சை ஐஸ் தேநீர்) கிளாஸில் வட்டம் வட்டமாக அலை ஓடியது. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து கேட்டார். உறுமிச் சத்தத்தைப் பத்துமலையில் கேட்டாலும் மூன்றாவது மாடியில் கேட்டாலும் அவருக்கு ஒன்றுதான். அந்தத் தம்பி காது வைத்துக் கேட்டாரே, அந்த அரை நிமிடத்துக்காகவே நான் கொடுத்த முப்பது வெள்ளி (ரிங்கிட்) சரியாகப் போய்விட்டது.

படங்களிலும் எனக்கு அதே தேட்டம்தான். ‘ஜகாட்’ 2015 டிசம்பரில் வந்தது, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது. நான் போன காட்சியில் பத்துப் பதினைந்து பேர்தான். அப்போய் என்கிற பையன் வாயைத் திறந்து பேசிய உடனே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது நாங்கள் வீட்டில் பேசுகிற தமிழ், மலாய்ச் சொல் கலந்து, யாருக்காகவும் திருத்தாத தமிழ். படத்தின் தலைப்பே அப்படித்தான், கெட்டவன் என்று பொருள்படும் மலாய் ‘ஜாஹாட்’ நம் வாயில் ‘ஜகாட்’ ஆனது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் அதுவே சிறந்த மலேசியப் படம் என்று அறிவித்தபோது செந்தூலில் எங்கள் மாடிவீட்டில் அண்ணன் போட்ட சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்டது. மலாய் அல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்று அதற்கு முன்பு நடந்த சர்ச்சையெல்லாம் நினைவிருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் ஏன் என்று புரியும்.

பினாங்கு அக்கா, பாட்டும் படமும் சேர்ந்த மாதிரி ஒன்று சொல்லச் சொன்னீர்கள். யாஸ்மின் அகமது இயக்கிய ‘டேலண்ட்டைம்’, 2009. ஈப்போவில் எடுத்தது. பாட்டுகளுக்குப் பின்னால் இருந்தவர் பீட் தியோ, இங்கே சுயமாக ஆல்பம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தவர். கடைசிப் போட்டியில் அந்த மலாய்ப் பையன் கித்தாரோடு பாடிக்கொண்டிருக்கையில், அவனைப் பிடிக்காத சீனப் பையன் எர்ஹு என்ற சீனத் தந்தி வாத்தியத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசிப்பான். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். உறுமித் தோலில் காது வைத்த அந்தத் தம்பியைப் பார்த்தபோது எனக்கு இந்தக் காட்சிதான் வந்தது. பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள் அக்கா.

மங்கு பாட்டுத் தம்பி அடுத்த மாதம் மறுபடி பாடுகிறார் என்று தெரிந்ததும் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்தத் தடவை அம்மாவைக் கூட்டிப் போகிறேன். கைப்பேசியில் பதிவு செய்த அந்த இரண்டு வரியை அவருக்குப் போட்டுக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம், “மேல ஏற படி எத்தன இருக்கும்?” என்று கேட்டார்.