'ரஃப்' என்பதா, 'ரஃப்லி' என்பதா?

தக்கலை டியூஷன் டீச்சர்:
ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பெயர்ச்சொல்லைச் சிறப்பிப்பது அட்ஜெக்டிவ், வினைச்சொல்லைச் சிறப்பிப்பது அட்வெர்ப் என்று தடங்கலின்றி ஒப்பிக்கிறார்கள். ஆனால் 'கடல் கொந்தளிப்பாகத் தெரிகிறது' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், பாதிப் பேர் 'தி ஸீ லுக்ஸ் ரஃப்லி' என்று எழுதுகிறார்கள். 'லுக்ஸ்' வினைச்சொல்தானே, பிறகு ஏன் அட்வெர்ப் வரக் கூடாது என்று ஒரு மாணவி கேட்டாள். விதிப்படி அவள் கேட்டது நியாயமே. 'ரஃப்' தான் சரி என்பது எனக்குத் தெரியும். காரணத்தைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
டீச்சர், இந்தப் பிழையின் வேர் தமிழில் இருக்கிறது. 'கடல் கொந்தளிப்பாக இருக்கிறது' என்றாலும், 'அவர் கோபமாகப் பேசினார்' என்றாலும் நாம் 'ஆக' என்ற ஒரே ஈற்றைத்தான் சேர்க்கிறோம். முதல் வாக்கியம் கடலின் நிலையைச் சொல்கிறது, இரண்டாவது பேசிய விதத்தைச் சொல்கிறது. தமிழ் ஒரே வடிவத்தில் அடக்கிவிடும் இந்த இரண்டையும் ஆங்கிலம் பிரித்துப் பார்க்கிறது. 'ஆக' கண்ட இடமெல்லாம் '-லி' என்று பிள்ளைகள் பழகிவிடுவதால்தான் இந்தக் குழப்பம்.

வினைச்சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இஸ்' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'தி ஸீ இஸ் ரஃப்' என்று பொருள் குலையாமல் நிற்குமானால், அங்கே வர வேண்டியது அட்ஜெக்டிவ். லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட், ஸீம் ஆகியவை பெரும்பாலும் இப்படி எழுவாயையும் அதன் தன்மையையும் இணைக்கும் வினைகள். மட்டிப்பழம் மணக்கிறது என்றால் 'ஸ்மெல்ஸ் ஸ்வீட்' தான், 'ஸ்வீட்லி' அன்று.

ஆனால் இந்த வினைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், ஏனென்றால் ஒரே வினை இரண்டு வேலையும் செய்யும். 'ஹி லுக்ட் ஆங்க்ரி' என்றால் அவர் முகத்தில் கோபம் தெரிந்தது. 'ஹி லுக்ட் ஆங்க்ரிலி அட் தி டிரைவர்' என்றால் அவரே டிரைவரைக் கோபமாகப் பார்த்தார். பின்னதில் 'இஸ்' பொருந்தாது. போதாக்குறைக்கு, 'ரஃப்லி' என்பதற்கு 'ஏறக்குறைய' என்ற பொருளும் உண்டு.

நாகர்கோவில் வாசகர்:
மேலே ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் '-லி'யை அடையாளமாகக் கொள்வதே ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபிரெண்ட்லி, லவ்லி, காஸ்ட்லி எல்லாம் அட்ஜெக்டிவ். ஃபாஸ்ட், ஹார்ட் இரண்டும் இருவகையாகவும் வரும். பழைய ஆங்கிலத்தில் இவற்றின் அட்வெர்ப் வடிவத்துக்குத் தனி ஈறு இருந்து, அது தேய்ந்து மறைந்ததால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. விடியுமுன் ரப்பர் வெட்டப் போகும் அப்பாவைப் புகழ நினைத்து 'மை ஃபாதர் ஹார்ட்லி வர்க்ஸ்' என்று எழுதும் பிள்ளை, அவர் வேலையே செய்வதில்லை என்று எழுதிவிடுகிறது!

சாலையோரப் பலகைகளில் உள்ள 'கோ ஸ்லோ'வையும் பிழை என்று திருத்த வேண்டாம். அட்ஜெக்டிவை அட்வெர்ப்பாக ஆள்வது முறையன்று என்று ராபர்ட் லோத் 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில் கண்டித்தார். என்றாலும் வழக்கு அவருக்குக் கட்டுப்படவில்லை, அகராதிகளும் 'ஸ்லோ'வை அட்வெர்ப்பாக ஏற்றிருக்கின்றன. தேர்வுத்தாளில் மட்டும் 'ஸ்லோலி' என்று எழுதுவது பாதுகாப்பு.

தக்கலை டியூஷன் டீச்சர்:
இருவருக்கும் நன்றி. 'அறையைச் சுத்தமாக வைத்திரு' என்பதற்கு 'கீப் தி ரூம் கிளீன்' என்கிறோம். 'கீப்' இருக்குமிடத்தில் 'இஸ்' போட முடியாதே?

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அங்கே சுத்தம் என்பது அறையின் நிலை, வைத்திருக்கும் விதமன்று. ஆகவே செயப்படுபொருளைத் தனியே எடுத்து 'தி ரூம் இஸ் கிளீன்' என்று அமைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஓப்பன் தி டோர் ஸ்லோலி' என்பதை அப்படிப் பிரித்தால் 'தி டோர் இஸ் ஸ்லோ' என்று வரும். பிள்ளைகளே சிரித்துவிட்டு அட்வெர்ப்புக்குத் திரும்பிவிடுவார்கள்.