தீப்புண்ணுக்கு வல்லாரைச் சாறு: எதோடு ஒப்பிடுவது?

ஈசூன்_மாணவி:
பாலிடெக்னிக் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தீப்புண் ஆற்றும் மூலிகைகளை எடுத்திருக்கிறேன்: வல்லாரை, கற்றாழை, மஞ்சள். வல்லாரையைச் சிங்கப்பூர்த் தேக்காச் சந்தையில் கட்டாக வாங்கி, உலர்த்தி, எத்தனாலில் ஊறப்போட்டாயிற்று. செல் வளர்க்கும் தட்டின் சிறு குழிகளில் தோல் செல்களை ஒரே அடுக்காக வளர்த்து, நடுவே கோடு கிழித்து, எவ்வளவு சீக்கிரம் மூடுகிறது என்று பார்ப்பதாகத் திட்டம். சாறு விட்ட குழி, விடாத குழி, இந்த இரண்டும் போதுமா?

ஆய்வகத்து_அக்கா:
போதாது தங்கச்சி. எத்தனாலை ஆவியாக்கியபின் மிஞ்சும் பிசினை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில்தானே கரைப்பாய்? அதே அளவு வெறும் டிஎம்எஸ்ஓ விட்ட குழி கட்டாயம் வேண்டும். அளவு கூடினால் அதுவே செல்லை வாட்டிவிடும். அரை சதவீதத்துக்குள் வைத்துக்கொள். கோடு மூடியது செல் நகர்ந்ததாலா, பெருகியதாலா என்று வைவாவில் நிச்சயம் கேட்பார்கள். செல் பெருகுவதற்காக வளர்ப்புத் திரவத்தில் சேர்க்கும் சீரத்தைக் குறைத்துவிட்டால் பதில் கையில் இருக்கும்.

மஞ்சளை நானாக இருந்தால் விட்டுவிடுவேன். அதிலுள்ள குர்குமின் தண்ணீரில் லேசில் கரையாது. நிறத்தை வைத்து அளக்கும் சோதனைகளில் அதன் சொந்த மஞ்சளே கணக்கைக் கெடுக்கும். வல்லாரையில் ஆசியாடிகோசைடு என்ற வேதிப்பொருள் இருக்கிறது, தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை கொலாஜன் என்ற புரதத்தை உண்டாக்கத் தூண்டும். சுத்தமான ஆசியாடிகோசைடு விலைக்குக் கிடைக்கும், ஒப்பீட்டுக்கு அதையும் ஒரு குழியில் விடு.

அப்புறம், வாங்கியது வல்லாரைதானா? ஹைட்ரோகாட்டைல் என்ற வேறு செடி வகைகளின் இலையும் வட்டம்தான். அவற்றில் சிலவற்றுக்குக் காம்பு இலையின் நடுவயிற்றில் ஒட்டியிருக்கும். வல்லாரைக்கு அடிப்பக்கப் பிளவில். ஒரு கொடியை வேரோடு அழுத்தி உலர்த்தி, தேதி எழுதி வை.

பணி_ஓய்வு_தாதி:
புண்ணைக் காயவிடாமல் ஈரமாக வைத்தாலே சீக்கிரம் ஆறும். ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 1962லேயே பன்றித் தோலில் காட்டிவிட்டார். அதனால் பிற்பாடு களிம்பாக்கினால், மூலிகை போடாத வெறும் களிம்பையும் சோதிக்க வேண்டும். மூலிகை ஆற்றியதா, எண்ணெய்ப் பசை ஆற்றியதா? எலி ஆய்வுகள் பலவற்றில் இந்தக் கேள்வியே இருக்காது. தீப்புண்ணுக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயாசின் களிம்பைத் தங்கள் மூலிகை வென்றது என்று மார்தட்டுவார்கள். அந்தக் களிம்பே புதுத்தோல் வருவதைத் தாமதப்படுத்தக்கூடியது, அதை வெல்வது என்ன பெரிய காரியம்! எலித்தோல் சுருங்கியே புண்ணை மூடிக்கொள்ளும், நம் தோல் அப்படியில்லை.

நம்மூரிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. எள்ளெண்ணெய் கலந்த மெபோ என்ற சீன மூலிகைக் களிம்பை, இரண்டாம் நிலைத் தீக்காயம் பட்ட 115 பேரைச் சேர்த்து, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். 2001ல் முடிவு வந்தது: ஆறும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான், மெபோ போட்டவர்களுக்கு முதல் ஐந்து நாள் வலி குறைவு. இப்படி உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், அதுவே நல்ல ரிசல்ட்.

சரி, வீட்டில் யாருக்காவது சுட்டுவிட்டால் சாறெல்லாம் வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.

ஈசூன்_மாணவி:
நன்றி அக்கா, நன்றி ஆன்ட்டி. பார்த்துவிட்டேன், காம்பு பிளவில்தான் இருக்கிறது. மஞ்சளை எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் எத்தனை குழி வைக்கட்டும்?

ஆய்வகத்து_அக்கா:
மூன்று மூன்று. முழுச் சோதனையையும் வேறு வேறு நாளில் மூன்று தடவை செய். ஒரே நாளில் செய்துவிட்டு மூன்று தடவை என்று எழுதாதே.