கல்லுக்குப் போனவர்கள்: உங்கள் வீட்டில், உங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) என்ன நடந்தது?

மலைநாட்டு டீச்சர்

இலங்கை மலைநாட்டில், கெசல்கமுவ ஓயா என்ற ஆற்றை ஒட்டிய தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். ஓயாவில் இரவில் லைசன்ஸ் இல்லாமல் இரத்தினக்கல் தோண்டுவது இங்கே பலருக்குத் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பத்தாம் ஆண்டில் ஒரு பையன், கணக்கில் கெட்டிக்காரன். முதலில் திங்கட்கிழமைகளில் வரமாட்டான், அப்புறம் வகுப்பில் தூங்கினான், அப்புறம் வரவே இல்லை. வீட்டுக்குப் போனேன். அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருந்தார். அவன் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்திருந்தான். தண்ணீரில் ஊறி ஊறிக் கால்விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெந்திருந்தது. மடியில் புதுப் போன்.

பரீட்சை எழுத வா என்றேன். "டீச்சர், உங்களுக்கு மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்டான். கேலியே இல்லை, கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் கேட்டான். சொன்னேன். "அது வர எத்தனை வருஷம் படிக்கணும்?" என்றான். அதையும் சொன்னேன். சரி என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை என்னால் மறக்க முடியவில்லை.

அவனை ஓயாவுக்குக் கூட்டிப்போனது சொந்த மாமா. பிள்ளைகளை இரவில் தண்ணீரில் இறக்கும் பெரியவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

நிவித்திகல தம்பி

டீச்சர் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த மாமாவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாயாக 2021 வரை காத்திருந்தோம். 2024இல் 1350. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அந்த வீட்டில் அடுப்பு எரிய மாமாவுக்கு வேறு என்ன தெரியும்?

நான் இறங்கியது லைசன்ஸ் உள்ள குழி. றப்பர் கட்டை அடித்து, இடையில் கெக்கில்ல என்ற காட்டுச் செடியின் இலை திணித்து ஒழுங்காகக் கட்டியது. சம்பளம் கிடையாது, சாப்பாடும் கைச்செலவுக்குக் கொஞ்சமும்தான். கல் விற்றால் காணிக்காரர், லைசன்ஸ்காரர், பம்புக்காரர் பங்குகள் போய், மிச்சத்தில் பாதி காசு போட்ட முதலாளிக்கு. மற்றப் பாதியை இறங்கிய எல்லோரும் பிரித்துக்கொள்வோம்.

ஒருநாள் வட்டிக் கூடையில் இல்லம், அதாவது கல் இருக்கும் சரளை மண், அரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு நீலக்கல்லை எடுத்து, சாரத்தில் துடைத்து, வெயிலுக்கு நேரே பிடித்தார். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தோம். முதலாளி கையை நீட்டினார். கல் சேர்ட் பைக்குள் போனது. பிறகு அதை நாங்கள் யாரும் காணவில்லை. இரத்தினபுரிச் சந்தைக்கு எங்களில் ஒருவரையும் கூட்டிப்போகவில்லை. திரும்பி வந்து, இவ்வளவுக்குத்தான் போனது என்றார். டீசல், அரிசி, கட்டை எல்லாம் கழித்து ஒரு துண்டில் எழுதிக் காட்டினார். அவர் சொன்ன விலை உண்மையாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு வழி இல்லை என்பதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

70, 80களில் பால்நிறக் கெவுடக் கல்லை இங்கே மலிவாக வாங்கிப்போய், தாய்லாந்தில் சூடாக்கி நீலமாக்கி விற்றார்கள். அப்போதும் விலை தெரியாமல் கொடுத்தவர்கள் குழிக்குப் பக்கத்தில் இருந்த சனம்தான்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

தம்பி சொல்வது லைசன்ஸ் குழி. எங்கள் ஓயாவில் லைசன்ஸும் இல்லை, கட்டையும் இல்லை.

வீட்டுக்காரரைப் பிடித்துவிட்டார்கள் என்று விடியற்காலையில் ஆள் வந்து சொன்னது. சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனேன். ஆண்களை வரிசையாகக் கூட்டிவந்தார்கள். முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. "அப்பா ஏன் காலைக் கழுவல?" என்று மகள் சத்தமாகக் கேட்டாள். அவர் நிமிரவே இல்லை.

பிடிபட்ட பம்பும் அங்கே இருந்தது. அது யாருடையது என்று வெளியே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அவர் அந்தப் பக்கமே வரவில்லை. தோட்டை அடகு வைத்துத்தான் அபராதம் கட்டினேன். வீட்டுக்காரர் உள்ளே இருந்த நாட்களில் அதே பம்புக்காரர் அரிசியும் பருப்பும் அனுப்பினார். பிள்ளைகள் பசியில் இருந்தார்கள், வாங்கினேன். இனி அந்த மனுஷன் கூப்பிட்டால் வரமுடியாது என்று எங்கள் வீட்டில் யார் வாய் திறப்பது?

டீச்சர், உங்கள் ஆத்திரம் நியாயம். ஆனால் மாமாவுக்கு மேலே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். கல் கிடைத்த வாரம் லயம் முழுக்கக் கசிப்பு (கள்ளச் சாராயம்) நாற்றம், அடுத்த வாரம் கடைக் கொப்பியில் கடன். அந்தக் கொப்பியும் அவர்களுடையதுதான்.

ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்

இரத்தினபுரி மாவட்டத்தில் வேலை செய்தவன். குழியில் இறங்கும் இளைஞன் ஒருவனைக் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். கண் இரண்டும் சிவந்திருந்தது, கெண்டைக்காலைத் தொட்டாலே கத்தினான். "சிறுநீர் போச்சா?" என்று கேட்டேன். நேற்றிலிருந்து இல்லை என்றான். சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பிறகுதான் வந்திருக்கிறான்.

ஆகவே எல்லோரும் இதைக் கவனியுங்கள். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வருகிறது. காலில் புண்ணோடு இறங்கவே கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கும் டொக்சிசைக்ளின் தடுப்பு மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். கடையில் நீங்களாக வாங்கிப் போடவேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது ஆகாது. காய்ச்சல் வந்தால் குழியில் இறங்கியதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் பொலிஸ் இல்லை.

அடுத்தது, குழியை மூடவேண்டும். எலஹெரப் பக்கம் கைவிட்ட குழிகளில் தண்ணீர் தேங்கி மலேரியா நுளம்பு பெருகிய காலத்தை நான் அறிவேன். 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று நமக்குச் சான்று தந்தது, ஆனால் டெங்கு இருக்கிறது. லைசன்ஸ் எடுக்கும்போது கட்டும் பிணைப்பணம் குழியை மூடிக் காட்டினால்தான் திரும்பி வரும், அதை விடாதீர்கள். பங்கு விவரத்தை ஆரம்பத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கல்லைப் படம் எடுங்கள், நிறை பாருங்கள். எல்லாவற்றுக்கும் முதலில் லைசன்ஸ் எடுங்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபை அதற்காகத்தான் இருக்கிறது.

நிவித்திகல தம்பி

ஐயா, மருந்து விஷயம் பொன்னான வார்த்தை. லயத்தில் எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் லைசன்ஸ் எடுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். அதற்குக் காணி உரிமை வேண்டும், இல்லாவிட்டால் காணிக்காரரின் சம்மதம் வேண்டும். தோட்டக் காணி அரசாங்கத்துடையது, 1992 முதல் கம்பெனிகளின் கையில். தலைமுறை தலைமுறையாக இருக்கும் லயத்துக் காம்பராவுக்கே எங்கள் சனத்தில் பெரும்பாலோரிடம் காணி உறுதிப் பத்திரம் இல்லை. எந்தக் காணியைக் காட்டி லைசன்ஸ் கேட்பது?

2021இல் இரத்தினபுரியில் கிணறு வெட்டும்போது 510 கிலோ நட்சத்திர நீலக்கல் கொத்து கிடைத்ததாகச் செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? வெட்டியவர்கள் கூலியாட்கள், வளவு ஒரு வியாபாரியுடையது. அந்தச் செய்தியை எங்கள் லயத்தில் ஒரே போனில் கூட்டமாகப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை பொடியன்கள் மண்வெட்டியைத் தூக்கினார்கள் என்று எனக்குத் தெரியும்.

காசல்ரீ ஓரம்

நான் எந்தக் குழியிலும் இறங்கியதில்லை. ஓயாக் கரையில் அம்மா மரக்கறி போட்டிருந்தார், லீக்ஸும் போஞ்சியும். அதை விற்றுத்தான் என் தங்கைக்கு டியூஷன் காசு. ஒரு மழை இரவில் பாதிப் பாத்தி ஆற்றோடு போய்விட்டது. அடியில் கரையைக் குடைந்திருந்தார்கள். போன மண் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் படிந்திருக்கும்.

குடைந்தவர் பக்கத்து லயத்துப் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன். அடுத்த நாள் அவரே காசோடு வந்தார். தலையைக் குனிந்துகொண்டு, "சித்தி, இதை வச்சுக்கோங்க" என்று நீட்டினார். அம்மா வாங்கவில்லை. "காசு வேணாம்டா, என் மண்ணைக் கொண்டாந்து போடு" என்றார். அண்ணன் அழுதுவிட்டார். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. மாரியம்மன் திருவிழாவில்கூட அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

பொலிஸில் சொன்னால் அண்ணன் உள்ளே போவார், அண்ணி, மேலே எழுதிய 'இரண்டு பிள்ளைகளின் அம்மா'வைப் போலத் தனியாக நிற்பார். சொல்லாவிட்டால் அடுத்த மழைக்கு மிச்சப் பாத்தியும் போகும். ஊருக்குள்ளேயே, கோவில் கமிட்டியோ தலைவரோ வைத்துப் பேசி யாராவது தோண்டுவதைக் கரையிலிருந்து தள்ளி நிறுத்தியிருந்தால், எப்படிப் பேசினீர்கள் என்று எழுதுங்கள். தீபாவளிக்கு அண்ணன் வீட்டில் இருப்பார், அதற்குள் எனக்குத் தெரியவேண்டும்.