பிரெஞ்சு இமேர்ஷன் வகுப்பிலிருந்து வரும் வாராந்தக் கடிதத்தை எப்படிப் பயன்படுத்துவது? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

செப்டெம்பரில் பிள்ளையைப் பிரெஞ்சு இமேர்ஷன் வகுப்பில், அதாவது பாடங்களைப் பிரெஞ்சிலேயே படிப்பிக்கும் வகுப்பில், சேர்த்த குடும்பங்களிடமிருந்து ஒக்ரோபர் பிறந்ததும் ஒரே மாதிரியான கேள்வி வரத் தொடங்குகிறது. வகுப்பில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று ஆசிரியை வாரந்தோறும் எழுதி அனுப்புகிறார். வீட்டில் எவருக்கும் பிரெஞ்சு தெரியாது. அதை வாசித்து நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார்கள். செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதில் பெரும்பகுதியைத் தமிழிலேயே செய்யலாம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இமேர்ஷன் வகுப்புகள் ஆங்கிலமொழிப் பாடசாலைச் சபைகளின் கீழ் நடப்பவை. பிரெஞ்சுமொழிச் சபைகளின் பாடசாலைகள் வேறு. அங்கே பெற்றோருடனான தொடர்பும் பிரெஞ்சிலேயே அமையும். இமேர்ஷன் முறை 1965 ஆம் ஆண்டு மொன்றியல் நகருக்கு அருகிலுள்ள சென்ற் லம்பேர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் தங்கள் பிள்ளைகள் பிரெஞ்சை நன்றாகக் கற்க வேண்டும் என்று போராடியதால் தொடங்கியது. ஆகவே வீட்டில் பிரெஞ்சு இல்லாத பிள்ளைகளுக்காகவே உருவான முறை இது. உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாதது குறை என்று எந்த ஆசிரியரும் எண்ணுவதில்லை. வாராந்தக் கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருவதற்கும், தேர்ச்சி அறிக்கையும் பெற்றோர் சந்திப்பும் ஆங்கிலத்தில் இருப்பதற்கும் காரணம் அதுவே.

ரொறன்ரோ சபையில் தரம் 1 க்கு முந்தைய வகுப்பான சீனியர் கின்டர்கார்டனிலும் யோர்க், பீல் சபைகளில் தரம் 1 இலும் இமேர்ஷன் தொடங்குகிறது. ரொறன்ரோவிலும் யோர்க்கிலும் தரம் 3 முடியும்வரை பாடங்கள் பிரெஞ்சிலேயே நடக்கின்றன. ஆங்கிலம் ஒரு பாடமாக வருவது தரம் 4 இல்தான். தரம் 2 பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பு பிந்தியிருக்கிறதே என்று பலர் கலங்குகிறார்கள். சென்ற் லம்பேர்ட் பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தொடக்க வகுப்புகளில் இந்தப் பின்னடைவைக் கண்டார்கள். ஆங்கிலப் பாடம் தொடங்கிய பின் அது மறைந்ததையும் கண்டார்கள்.

இனிக் கடிதத்துக்கு வருவோம். கூகிள் கிளாஸ்ரூம், சீசோ, எட்ஸ்பி போன்ற ஏதோ ஒரு பாடசாலைச் செயலியின் வழியாகவோ மின்னஞ்சலாகவோ அது வரும். அந்த வாரம் படிக்கும் ஒலி, திக்தே எனப்படும் சொல்வதெழுதலுக்குரிய சொற்கள், கணிதத்தில் எந்த அலகு, விஞ்ஞானத்தில் எந்தத் தலைப்பு, நூலகப் புத்தகம் திருப்பிக் கொடுக்கும் நாள், கையொப்பமிட வேண்டிய படிவம் ஆகியவை அதில் இருக்கும். பலர் கடைசி இரண்டையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வேறு சிலர் சொற்பட்டியலை மட்டும் எடுத்து, தாங்களே உச்சரிக்கத் தெரியாத சொற்களைப் பிள்ளையை இருபது தடவை எழுத வைக்கிறார்கள். இரண்டிலும் நடுவிலுள்ள கணிதமும் விஞ்ஞானமும் தவறிப்போகின்றன. பெற்றோருக்கு அதிகம் பயன்படும் பகுதி அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இதுதான். இமேர்ஷன் வகுப்பில் ஒரு பிள்ளை விடை சொல்லாமல் நிற்கும்போது, பாடம் விளங்கவில்லையா, அல்லது பாடம் விளங்கியும் பிரெஞ்சில் சொல்ல வரவில்லையா என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஆசிரியரிடம் பிள்ளையின் பிரெஞ்சு மட்டுமே இருக்கிறது. உங்களிடம் பிள்ளையின் தமிழ் இருக்கிறது. அந்த வாரம் என்ன பாடம் என்பதைக் கடிதம் சொல்லிவிடுவதால், அதையே தமிழில் கேட்டுப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிய உங்களால் முடியும்.

எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோப் பாடத்திட்டத்தில் தரம் 1 பிள்ளைகள் 50 வரையும் தரம் 2 பிள்ளைகள் 200 வரையும் எண்களைக் கையாள வேண்டும். ஐம்பது வரை பிரெஞ்சு எண்களில் பெரிய சிக்கல் இல்லை. தரம் 1 ஐப் பிள்ளை இலகுவாகக் கடந்துவிடும். சிக்கல் தரம் 2 இல் வருகிறது. பிரெஞ்சில் 70 என்பது அறுபது-பத்து, 80 என்பது நான்கு-இருபது, 92 என்பது நான்கு-இருபது-பன்னிரண்டு. "கத்ர்-வன்-தூஸ்" என்று மதாம் (பிள்ளைகள் ஆசிரியையை அழைக்கும் பெயர்) சொல்வதைக் கேட்டு 8012 என்று எழுதும் பிள்ளையின் தாளைப் பார்த்துவிட்டு, கணக்கு வரவில்லை என்று உடனே ரியூஷனுக்கு அனுப்பிவிடாதீர்கள். "தொண்ணூற்றிரண்டில் எத்தனை பத்து, எத்தனை ஒன்று?" என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை தயங்காமல் "ஒன்பது பத்து, இரண்டு ஒன்று" என்றால் கணக்கு சரியாகவே இருக்கிறது. எண்ணின் பெயர்தான் இன்னும் காதுக்குப் பழகவில்லை. ஸ்காபரோவில் இருப்பவர்கள் தெருவில் 85, 86, 95 இலக்கப் பேருந்துகள் வரும்போதெல்லாம் பிள்ளையைப் பிரெஞ்சில் சொல்லச் சொன்னால் அதற்குப் போதிய பயிற்சி கிடைத்துவிடும். மாறாக, தமிழில் கேட்டும் பிள்ளை தடுமாறினால், தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்துத் தமிழிலேயே விளக்குங்கள். தமிழில் விளங்கியதைப் பிரெஞ்சில் மறுபடி முதலிலிருந்து விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை. பெயர்களை மட்டும் கற்றால் போதும்.

விஞ்ஞானமும் அப்படியே. தரம் 3 இல் தாவரங்களும் மண்ணும் பாடமாக வரும். கடிதத்தில் அந்தத் தலைப்பைக் கண்டதும் ஈரப் பஞ்சில் வெந்தயத்தைப் போட்டு யன்னலோரம் வையுங்கள். எது முதலில் வந்தது, வேரா இலையா, வெளிச்சம் இல்லாத மூலையில் வைத்தால் என்ன ஆகிறது என்று தமிழில் பேசுங்கள். அடுத்த வாரம் வகுப்பில் அதே விடயம் பிரெஞ்சில் பேசப்படும்போது பிள்ளை சொற்களைத் தேடினால் போதும், கருத்தைத் தேட வேண்டியிருக்காது.

வாசிப்பில் வேறொரு கவனம் தேவை. பிரெஞ்சில் சொல்லின் கடைசி எழுத்துகள் பல ஒலிப்பதில்லை என்பதால் நாம் உச்சரிப்பைச் சொல்லிக்கொடுக்க முயல்வதைத் தவிர்ப்பது நல்லது. அதற்கு நூலகத்தின் ஒலிப்புத்தகங்களும், ஒன்ராறியோவின் பிரெஞ்சுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான ரி.எஃப்.ஓ. வெளியிட்ட புக்கிலி என்ற செயலியும் இருக்கின்றன. உங்கள் வேலை அதன் பிறகு தொடங்குகிறது. பிள்ளை ஒரு பக்கத்தை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, கதையில் என்ன நடந்தது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சரளமாக வாசித்துவிட்டு எதுவும் சொல்ல முடியாமல் நிற்கும் பிள்ளைகள் இமேர்ஷனில் உண்டு. எழுத்துக்கு ஒலி தெரிகிறது, பொருள் தெரியவில்லை. வீட்டில் இதைக் கண்டால் அடுத்த நாளே ஆசிரியருக்குத் தெரிவியுங்கள்.

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் வீட்டுத் தமிழ் வலுவாக இருக்க வேண்டும். பிரெஞ்சுக்காகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்தும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பிள்ளையால் தன் விளக்கத்தை முழுமையாக உங்களிடம் சொல்லக்கூடிய மொழியைத்தான் அவர்கள் குறைத்துக்கொள்கிறார்கள்.

தேர்ச்சி அறிக்கைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒக்ரோபர் 20 க்கும் நவம்பர் 20 க்கும் இடையில் முதலாவது முன்னேற்ற அறிக்கை வரும். அதில் பாடங்களுக்குப் புள்ளி இல்லை. மிக நன்றாக முன்னேறுகிறார், நன்றாக முன்னேறுகிறார், சிரமத்துடன் முன்னேறுகிறார் என்ற மூன்றில் ஒன்றே இருக்கும். பெப்ரவரியிலும் ஜூனிலும் தரம் 6 வரை எழுத்துத் தரங்கள் வரும். 'பி' என்பது மாகாணம் எதிர்பார்க்கும் நிலையை எட்டியதற்கான குறி. அதைப் பார்த்து வீட்டில் அழுகையும் ஏச்சும் வேண்டாம்.

அந்த அறிக்கை வரும்வரை காத்திருக்காமல், கடிதத்துக்கு இடையிடையே பதில் எழுதுங்கள். "எப்படிப் படிக்கிறான்?" என்று பொதுவாகக் கேட்டால் "நன்றாகப் படிக்கிறான்" என்ற பொதுவான பதிலே வரும். "இந்த வாரம் 100 வரையான எண்கள் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் தமிழில் கேட்டால் சரியாகச் செய்கிறான், பிரெஞ்சில் கேட்டால் 70 க்கு மேல் தடுமாறுகிறான். வகுப்பிலும் அப்படித்தானா?" என்று எளிய ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். தன்னால் வகுப்பில் பார்க்க முடியாத ஒன்றை நீங்கள் தெரிவித்திருப்பதால் ஆசிரியர் அதற்குத் தனிக் கவனம் எடுத்துப் பதில் எழுதுவார்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் உள்ளவர்கள் நவம்பர் சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று பாடசாலை அலுவலகத்தில் இரண்டு வாரங்களுக்கு முன்பே கேளுங்கள். பாடசாலையுடன் இணைந்து பணியாற்றும் குடியேற்ற உதவியாளர் இருக்கிறாரா என்றும் அப்போதே விசாரியுங்கள். தமிழர் செறிந்து வாழும் பகுதிகளில் தமிழ் பேசுபவர்களும் இப்பணியில் இருக்கிறார்கள். சந்திப்புக்குப் போகும்போது கடைசி நான்கைந்து வாரக் கடிதங்களையும், பிள்ளை தமிழில் எதைச் சரியாகச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்று அவற்றின் ஓரத்தில் நீங்கள் குறித்து வைத்ததையும் கையோடு கொண்டுபோங்கள்.